முடிவு எழுதாத வரி

மடு மாதா துணை

வெஸ்ட்மீட், சிட்னி
21 ஜனவரி 2013

அன்புள்ள தம்பி அன்ரனுக்கு,

நாங்கள் நலம், உன் நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் அப்பா நம்மைப் பழக்கினார். உன் நலம் எப்படி என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. அத்தானும் நிஷானியும் நானும் வேலைக்குப் போகிறோம், வருகிறோம், சாப்பிடுகிறோம். அதற்கு மேல் எங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முந்தநாள் சனிக்கிழமை நீ போன் எடுத்தபோது, வருகிற வெள்ளிக்கிழமை, நானாகவே திரும்பிப் போகிறேன் என்ற கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னாய். "இனி ஏலாது அக்கா, இந்தக் கூடாரத்துக்குள்ள இருந்தா விசராக்கிப் போடும்" என்றாய். நான் வாய் திறக்க முதல் உன்னுடைய பத்து நிமிடம் முடிந்து லைன் அறுந்துவிட்டது. உனக்கு மறுபடி போன் கிடைப்பது அடுத்த சனிக்கிழமைதான். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நம் கோயில் சிஸ்டர் ஒருவர் புதன்கிழமை, படகில் வந்த உங்களை இவர்கள் கொண்டுபோய் அடைத்திருக்கிற அந்தத் தீவுக்குப் போகிறா. இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறா. முகாமுக்குள் விடுவார்களோ இல்லையோ தெரியாது.

போன கிழமை நான் ஒரு விசர் வேலை பார்த்தேன். சிரிக்காமல் வாசி. சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்துக் கனநாள்.

இங்கே பல நாட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு விழா நடந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓட்டம், நீச்சல், பாரம் தூக்கல் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு நாட்டு அணிக்கும் கூடத்திரிய ஒரு தொண்டர் வேண்டும் என்று கோயிலில் அறிவித்தார்கள். பட்டியலைப் பார்த்தால், உன்னை வைத்திருக்கிற தீவின் பெயரும் இருந்தது. ஆஸ்பத்திரிக் குசினி வேலைக்கு லீவு போட்டேன். மற்றவர்கள் பெரிய நாடுகளுக்கு அடிபட, எனக்குக் கேட்டவுடன் கிடைத்தது. அத்தான், "பந்து எந்தப் பக்கம் போகுதெண்டே தெரியாத மனுசிக்கு விளையாட்டு விழாவாம்" என்று நக்கலடித்தார். என் எண்ணம் வேறு. அந்தத் தீவு நம் மன்னார்த் தீவை விடச் சின்னது என்றாயே. அங்கிருந்து வருகிற யாரையாவது பிடித்தால் உன்னைப் போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பெரிய நாடுகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கின. என் நாடு ஒரு டாக்சியில் வந்து இறங்கியது. மொத்தம் இரண்டு பேர். பாரம் தூக்குகிற பதினாறு வயதுப் பிள்ளை ரூபி. மற்றவர் அவளுடைய பயிற்சியாளர் ஹெரல்ட், அறுபது வயதிருக்கும்.

தொண்டருடைய முதல் வேலை ஒரு படிவம் நிரப்புவது. அந்த நாடு முந்திய இளையோர் விழாக்களில் என்ன சாதித்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை மேடையேறும்போது அறிவிப்பாளர் அதை வாசிப்பார். ஹெரல்ட் பைக்குள்ளிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார். பத்து வருடத்தில் ஐந்து விழாக்கள், பதினான்கு பிள்ளைகள், ஒரேயொரு வெண்கலம். மற்றதெல்லாம் எட்டாம் இடம், பதினோராம் இடம், கடைசி இடம். ஒரு பையனுக்கு நேரே சப்பாத்து பிய்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். இடைக்கிடை சில பெயர்களுக்கு நேரே "வரவில்லை" என்று மட்டும் இருந்தது. கேட்டேன். தெரிவாகியும் டிக்கெட்டோ விசாவோ கிடைக்காமல் நின்றுவிட்ட பிள்ளைகளாம். வராதவர்களை எதற்கு எழுதுகிறீர்கள் என்றேன். "அதுகளும் என்ர ஆக்கள்தானே" என்கிற மாதிரித் தன் இங்கிலீஷில் சொன்னார். படிவத்தில் அவர்களுக்கு இடமில்லை. வெண்கலத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் உன் கதையைச் சொன்னேன். வாசலுக்கு அங்கால் தன்னை விடமாட்டார்கள் என்றார். ரூபியின் தகப்பன் முகாம் சமையலுக்கு மரக்கறி இறக்குகிறவராம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமா என்று கேட்டேன். அப்படிச் செய்தது தெரிந்தால் வேலை போய்விடும், வீட்டில் ஆறு பிள்ளைகள் என்றார். இன்னொருவர் வயிற்றில் அடித்து உனக்குச் செய்தி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ரூபி மட்டும் ஒன்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஆட்கள் பாடுவது ரோட்டுக்குக் கேட்குமாம். அதில் உன் குரலும் இருக்கும் என்று நினைத்து, போய் வோஷ்ரூமில் நின்று அழுதேன்.

இனித்தான் நான் செய்த பாவம். போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காலையிலிருந்து அரை ஆப்பிளோடு நின்ற பிள்ளை. புட்டவித்து, அறக்குளா மீன் குழம்பும் வைத்தேன். வேண்டாம் என்றாள். இன்னொரு முறை கேட்டேன், வேண்டாம் என்றாள். நம் ஆட்கள் இரண்டு தரம் மரியாதைக்கு வேண்டாம் என்பார்கள், மூன்றாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டால் தின்பார்கள். நானும் அப்படி நினைத்துப் போட்டேன். நிஷானி, "அம்மா, வேணாமெண்டா வேணாம்தான், விடுங்கோ" என்று கத்தினாள். நான் கேட்கவில்லை. வயதுக்கு மூத்தவள் போட்டதைத் தள்ளக் கூடாது என்று அந்தப் பிள்ளை குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தது.

பாரம் தூக்குகிறவர்களை முதலில் நிறுப்பார்களாம் தம்பி. நாற்பத்தெட்டுக் கிலோவுக்குள் நிற்க வேண்டுமாம். எனக்கு எங்கே தெரியும்? காலையில் அறுநூறு கிராம் கூட நின்றாள். குறைக்க ஒரு மணித்தியாலம் கொடுத்தார்கள். இந்த ஜனவரி வெயிலில் இரண்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள், போத்தலுக்குள் துப்பினாள். கடைசி நிமிடத்தில் நிறை சரி வந்தது. உடம்பில்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவள் மேடையேற, நான் எழுதிய வெண்கலத்தை வாசித்தார்கள். மூன்று முறை தூக்கப் பார்த்தாள். மூன்று முறையும் பாரம் கீழே விழுந்தது. மூன்றும் விழுந்தால் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, கடைசி இடம்கூட இல்லை. நான் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "மீன் நல்ல ருசி அன்ரி" என்று என் கையைப் பிடித்தாள். நிஷானி கத்தியது மாதிரி இவளும் என்னை ஒரு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. நீயும் ஊரில் இருந்தபோது இரண்டு தரம் வேண்டாம் என்றாய். "நான் வரேல்லை அக்கா, கடலோட கிடக்கிறன்" என்றாய். சிஐடி ஆட்கள் உன்னைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பயத்தில், மூன்றாம் தரமும் கேட்டு உன்னை ஆஸ்திரேலியாவுக்குப் படகில் ஏற்றியது நான். கை காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. நான் அன்பாகச் செய்கிற ஒன்றும் உருப்படுவதில்லை. இப்போது கையெழுத்து வை என்று சொல்லவும் பயம், வையாதே என்று சொல்லவும் பயம். அம்மா உனக்குச் சொல்ல வேண்டாம் என்றா, ஆனாலும் நீ அறிய வேண்டும். தைப்பொங்கலுக்கு அடுத்த நாளும் இரண்டு பேர் வந்து, அன்ரன் எப்போது வருவான் என்று விசாரித்தார்களாம்.

இன்று காலை அவர்களை விமானம் ஏற்றிவிட்டேன். ஹெரல்ட் உள்ளே போக முதல் கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்தார். ரூபியின் பெயருக்கு நேரே "மூன்று முறை முயன்றாள்" என்று எழுதியிருந்தார். புட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு உன் முழுப் பெயரைக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ரூபிக்குக் கீழே அன்ரன் அரியரத்தினம், மன்னார் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் "வரவில்லை" என்று போட்டார். முடிவு என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்றேன். இன்னும் முடியவில்லையே என்றார்.

உள்ளே உன்னைப் படகு இலக்கத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்றாய். அந்தத் தீவில் ஒரு வீட்டில், ஒரு கொப்பியில், உன் பெயர் முழுதாக இருக்கிறது. அதனால் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். என்னால் ஆனது அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடியவே போனைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். மடு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்து நீயே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடாதே தம்பி. இதையும் மூன்றாம் தரம் கேட்டதாக வைத்துக்கொள்.

உன் அக்கா
மாக்கிறேட்