மூன்று உறைகள்

ஆங்கஸ்,

கார் கடனைக் கட்டவில்லை என்று வங்கி என் பெயரில் பதிந்த கறை நீங்கிவிட்டது. அது இருந்தவரை யாரும் எனக்கு வீட்டுக் கடன் தரவில்லை.

நான் குடிபோன ஹோபார்ட் முகவரியை வங்கியிடம் சொல்லியும், எச்சரிக்கைக் கடிதங்களை நம் ஜீலாங் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். நீ திருப்பி அனுப்பிய உறைகளை, நான் முறையிட்ட புகார் அலுவலகம் வங்கியிடம் கேட்டு வாங்கியது.

“யாரு கண்ணு இதுல எழுதினது? பேங்க் வாயையே அடைச்சிட்டாரே,” என்று சிரித்தாள் அங்கே என் புகாரை விசாரித்த நோரீன்.

“கூட இருந்தவர்,” என்றேன்.

முதல் உறையில், ‘வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள்’ என்று எழுதியிருந்தாய். அடுத்ததில், ‘எப்போது வருவாள், தெரியாது.’ மூன்றாவதில், ‘இங்கே வசிக்கவில்லை.’

என்னைக் காப்பாற்றியது மூன்றாவது. நான் நகல் கேட்டு வாங்கிக்கொண்டது முதலாவதை மட்டும்.

இப்படிக்கு,
வெளியூர் போனவள்