மைனஸ் ஐந்து முட்டை

ஜூன் 3

பன்னிரண்டாம் வகுப்பில் இன்று நேர்மாறு அணி ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்தால் மதியச் சாப்பாடு மூடியபடியே இருக்கிறது. சிறுநீரகம் படுத்த ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வாய்க்குப் பிடிப்பது மூன்றே மூன்று: ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டை. எண்ணெய்ப் பசை பட்டாலே குமட்டுகிறதாம். லிஃப்ட் ரிப்பேருக்காக இருபதாவது மாடியில் தொங்கிய மனுஷன்!

அடுத்த முறை வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜூன் 5

ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம், இவ்வளவு பொட்டாசியம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பண்டம், மூன்று நிபந்தனை. மூன்று சமன்பாடுகள்! இதைத்தானே தினமும் போர்டில் போட்டுக் கத்துகிறேன்? அணியை எழுதி, நேர்மாறு கண்டு, அதை இலக்குகளோடு பெருக்கினால் எத்தனை துண்டு, எத்தனை முட்டை என்று வந்துவிடும். அப்புறம் இவர் என்ன சாக்குச் சொல்கிறார் என்று பார்க்கிறேன்.

ஜூன் 6

முட்டை: மைனஸ் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

தலை சுற்றுகிறது.

ஜூன் 7

தப்பு கிடைத்தது. இணைக்காரணிகளை வரிசையாக எழுதிவிட்டு, நிரையை நிரலாக மாற்றாமல் விட்டிருக்கிறேன். இதே தப்புக்காக நேற்று வகுப்பில் ஒருத்தியை வெளுத்து வாங்கினேன். வெட்கக்கேடு.

மாற்றிப் போட்டேன். ரொட்டி இருபத்திரண்டு துண்டு. உருளைக்கிழங்கு அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முட்டை மைனஸ் ஐந்து.

இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"ஐந்நூறுலேருந்து அஞ்சுக்கு வந்துட்டியே. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு."

சிரிப்பு வேறு. சிரிக்கும்போது கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. பேப்பரை முகத்தில் வீசியெறியலாம் போலிருந்தது.

ஜூன் 9

நாத்தனார் போன் செய்தாள். அன்பாக ஊட்டிப் பார்க்கச் சொல்கிறாள். நான் என்ன, சாட்டையை வைத்துக்கொண்டா ஊட்டுகிறேன்?

ஜூன் 10

அணியையும் நேர்மாறையும் பெருக்கிச் சரிபார்த்தேன். மூலைவிட்டத்தில் எல்லாம் ஒன்று, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். அலகு அணி. கணக்கில் எந்தக் கோளாறும் இல்லை.

அப்படியென்றால்? இந்த மூன்றை வைத்துக்கொண்டு கலோரியை எட்டினால் புரதம் எல்லை தாண்டிவிடுகிறது. அதைச் சரிக்கட்ட ஐந்து முட்டையை வயிற்றிலிருந்து திரும்ப எடுக்கச் சொல்கிறது கணக்கு. விடை தப்பில்லை. கேள்விதான் நடக்காத கேள்வி.

இதை இவருக்கு எப்படிச் சொல்வது?

ஜூன் 12

எடை பார்த்தோம். இன்னும் ஒரு கிலோ போயிருக்கிறது. இவரோ, தராசு சரியில்லை என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம்.

"உங்களுக்குப் புடிச்ச மூணுல உசிரோட இருக்க வழியே இல்ல. நான் சொல்லல, கணக்கு சொல்லுது. ரொட்டியையும் கிழங்கையும் கட்டிக்கிட்டு அழுங்க."

அழுதது நான்தான். பயமா இருக்கு. இந்த மனுஷன் இல்லன்னா நான் யாரோட சண்டை போடுவேன்?

ஜூன் 13

பேச்சு இல்லை. அவரும்தான், நானும்தான்.

ஜூன் 15

பள்ளி விட்டு வந்தேன். இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வெண்ணெய்ப் பொட்டலம். கலோரி நிறைய, புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். கடைக்குத் தானே போயிருக்கிறார், வீங்கிப்போன அந்தக் காலை வைத்துக்கொண்டு. ரொட்டியில் வெண்ணெயை மெல்லிசாகத் தடவி, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கிவிட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்து இன்னொரு கடி.

என் கணக்குப் பேப்பரில் நாலாவதாக ஒரு நிரலுக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"இப்பப் போடு."

மூணு நிரை, நாலு நிரல், இது சதுர அணியே இல்லை, இதற்கு நேர்மாறு கிடையாது என்றேன்.

"அப்ப விடை கிடையாதா?"

"இருக்கு. ஏகப்பட்ட விடை இருக்கு."

"அதுல ஒண்ணு குடு," என்று தட்டை நீட்டினார்.