ஐஸ்பெட்டியில் வந்த பனி

என் வீர மருமகளே டெல்ஃபின்,

உன் அம்மா என்னை அறைக்குள் விடமாட்டாள். அதனால் கதவிடுக்கில் இக்கடிதம்.

ஆறு வருடமாக ஒரு மாதமும் விடாமல் பனியில் சறுக்கியவள், கால் ஒடிந்ததற்காக இந்த ஆகஸ்டை இழப்பதா? இன்று மாதக் கடைசி. காலையில் பேக்கர் மலையை வென்றேன். எனக்கு எட்டிய மிச்சப் பனி உன் போர்வையளவு, கருவாட்டு நிறம். அள்ளும்போது, சறுக்க வந்த ஒருத்தி சிரித்தாள்.

“பெரியவரே, எல்லாரும் இங்க சறுக்க வருவாங்க. நீங்க என்ன, மலையவே பார்சல் கட்டுறீங்க?”

“வீட்ல ஒரு ராணி படுத்திருக்கா தாயி!”

நான் சறுக்கினேனா என்று கேட்காதே. முதுகில் ஐஸ்பெட்டி, என் சறுக்குப் பலகைகளுக்கு இடமில்லை. இருபது வருடம் விடாமல் சறுக்கியவனுக்கு ஒரு மாதம் ஓய்வு வேண்டாமா?

கொல்லைச் சரிவில் பனியைப் பரப்பிவிட்டேன். நல்ல காலில் பலகையை மாட்டு, நான் தாங்கிக்கொள்கிறேன். அம்மா இப்போதுதான் குளிக்கப் போனாள். ஓடி வா, சொட்டுகிறது.

உன் தாய்மாமன்