கிளாக்கர் தேர்ந்தெடுத்த பென்சில்

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு.

இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரைப் போல ஒரு மூடனை நான் கண்டதில்லை. மரத்தில் கோடு போட, தச்சர்கள் நாங்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சில் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அது உருண்டு ஓடாது. கரி தடிமனாக இருப்பதால் சொரசொரப்பான பலகையிலும் ஒடியாது. அவர் பதுளையிலிருந்து வாங்கி வந்ததோ, காகிதத்தில் கையெழுத்துப் போடும் ஊதா மைப்பென்சில்.

"ஈரம் பட்டா மையா ஊறிடுங்களே, ஐயா," என்றேன்.

"படிச்ச எனக்கே பென்சிலைப் பத்திச் சொல்லிக் குடுக்கிறியா? சொன்னதைச் செய்," என்றார்.

துரை பங்களாவின் புதுக் கதவுக்கு அந்தப் பென்சிலாலேயே கோடு போட்டேன். மத்தியானம் மூடுபனி என் தச்சுக் கொட்டகைக்குள் புகுந்ததும் பலகையெல்லாம் ஊதா வழிந்தது. துரை வந்து கத்தினார்.

"பென்சில் நல்லதுங்க துரை. ஆசாரிக்குத்தான் பிடிக்கத் தெரியல," என்றார் கிளாக்கர். அதைக் காட்டப் பென்சில் முனையை நாக்கில் நனைத்து நனைத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார். உதடு, பல், மீசை நுனி எல்லாம் ஊதா. துரை அந்த வாயைப் பார்த்தார். பென்சிலைப் பிடுங்கித் தண்ணீர் ஓடும் கானில் எறிந்துவிட்டு, "ஆசாரி, நீயே போய் வாங்கு," என்றார்.

சாயங்காலம் கிளாக்கர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். "இது எப்படிப்பா போகும்?"

"கதவுல இழைப்புளி போட்டுச் சீவித்தான் எடுக்கப் போறேன். உங்களுக்கும் போடவா, ஐயா?"

கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். விடிந்ததும் தட்டைப் பென்சில் வாங்கப் பெரகலைக்கு நடக்க வேண்டும்.