ஏழாவது அடி

மார்ச் 10, செவ்வாய்
முழங்காலுக்குக் களிம்பு தடவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் பச்சை பெல்ட் கிடைக்கவில்லை. இரண்டு நாளாகப் பேனாவைத் தொடக்கூட முடியாத கோபம்.

பச்சை கட்டியவர்களைத்தான் எங்கள் கராத்தே வகுப்பில் ஆளோடு ஆள் மோத விடுவார்கள். அந்த ஆசையில்தான் அறுபது வயதில் சேர்ந்தேன். இரண்டு வருடமாகக் காற்றைத்தான் குத்திக்கொண்டிருக்கிறேன். மூட்டு மருத்துவர் இந்த வருடம் வரைக்கும்தான் அனுமதித்திருக்கிறார்.

மாஸ்டருக்கு என் மகன் வயது. பகலில் கூரியர் வண்டி ஓட்டுகிறவர். "கை நல்லா இருக்கு, காலும் நல்லா இருக்கு. வாய்தான் ஃபெயில், டீச்சர்" என்றார். கூடமே சிரித்தது.

வாயா!

மார்ச் 11
ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அடிக்க மற்றவர் தடுக்க, மாறி மாறிப் பன்னிரண்டு அடி செய்ய வேண்டும். ஒருவர் மறந்து நின்றால் மற்றவர் தடுக்கும் கையை இறக்காமல், வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். அதுதான் விதி. என் ஜோடி தையற்கடைக்காரி. ஏழாவது அடியில் திகைத்து நின்றுவிட்டாள். "இடது கால்" என்று முணுமுணுத்தேன். அவ்வளவுதான். விக்கல் எடுப்பவளுக்குத் தண்ணீர் நீட்டுவது ஒரு குற்றமா?

இரண்டு பேரும் ஃபெயில்.

மார்ச் 14
வீட்டுக்காரர் ஆறுதல் சொன்ன அழகு: "பெல்ட் எதுக்கு உனக்கு? வாயில எப்பவோ பிளாக் பெல்ட் வாங்கிட்டியே."

குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்து, அவர் திணறிக்கொண்டிருந்த சொல்லைப் பட்டென்று சொன்னேன். வேண்டுமென்றேதான். தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். "இந்தா, நீயே போட்டுக்கோ."

மார்ச் 17
மாஸ்டரிடம் சண்டை போடத் துணை தேடி, தையற்கடைக்காரியிடம் போனேன்.

"அவர் பண்ணது அநியாயம்தானே?"

"மாஸ்டர் மேல எனக்குக் கோவம் இல்ல டீச்சரம்மா. உங்க மேலதான்."

"உனக்கு உதவத்தானே நான்—"

"யார் கேட்டா? கால் தானா வந்துட்டு இருந்துச்சு. நீங்க சொன்னீங்க, மொத்தமும் கலைஞ்சு போச்சு. நாளைக்கு நான் பாஸானாலும் டீச்சர் சொல்லித்தான் செஞ்சான்னு பேசுவாங்க."

நன்றி கெட்டவள்! பெல்ட் முடிச்சுப் போடக்கூட இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இந்த இரண்டு வருடத்தில் எது ஒன்று நான் சொல்லாமல்—

எது ஒன்று.

மார்ச் 18
கரும்பலகை முன்னால் ஒரு பிள்ளை கணக்கோடு திணறும். பின்னால் போய் நிற்பேன். பத்து எண்ணுவதற்குள் சாக்பீஸை வாங்கி நானே முடித்துவிடுவேன். "புரிஞ்சுதா கண்ணு?" தலையை ஆட்டும்.

முப்பத்து மூன்று வருடம். அதை அன்பு என்று நினைத்தேன். அந்தத் தலையாட்டல் எல்லாம் என்ன?

இப்போது யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

ஏப்ரல் 21
இன்று மூன்று முறை வாய் திறந்தேன். மூன்று முறையும் மாஸ்டர் இருவரையும் முதல் அடியிலிருந்து செய்ய வைத்தார். பாவி மனுஷன். முட்டி முறுக்கிப் பிழிந்த துணியாகிவிட்டது.

மே 19
ஒரு முறை.

ஜூன் 14, ஞாயிறு
மறுதேர்வு. மறுபடியும் ஏழாவது அடியில் நின்றாள்.

கையை உயர்த்தியபடி நின்றேன். தோள் கடுத்தது. "இடது" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, கடித்துக்கொண்டேன். வேண்டும் என்றேதான் இழுக்கிறாளோ? எத்தனை நேரம் போனதோ. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவும் பயம். நான் பார்த்தால் அவளும் திரும்பிப் பார்ப்பாள், பதறிவிடுவாள்.

அவள் கால் வந்தது. இடதுதான். அடி என் முன்கையில் இறங்கியது பாருங்கள், அப்பா! இதுவரை அவள் அப்படி அடித்ததே இல்லை.

பத்தாவதில் நான் மறந்தேன். வாயே திறக்கவில்லை கிராதகி. கை உயர்த்தி நின்றாள்.

ஜூன் 15
முன்கை வீங்கிப் போயிருக்கிறது. புதுப் பச்சை பெல்ட் அட்டை மாதிரி விறைப்பு. முடிச்சு நிற்கவே மாட்டேன் என்கிறது. தையற்கடைக்காரி, "முதல் மோதல் என்கூடத்தான் டீச்சரம்மா, ஓடிடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

காலையில் இவர் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐந்து கட்டம். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எதிரில் உட்கார்ந்து பெல்ட்டை முடிந்து முடிந்து அவிழ்த்தேன். அரைமணி நேரம் யோசித்து எழுதினார்.

தப்பு.

எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.