நான்கு லட்சம் அழைப்புகள்

கரமனை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் சுகம்.

ஆபீசில் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் டேட்டாபேஸில் ஓடும் சின்னச் சின்னப் புரோகிராம்களை புரொசீஜர் என்போம். அவற்றில் நான் எழுதியதுதான் எல்லாவற்றிலும் மெதுவானது என்று மூன்று மாதமாகப் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே நிற்கும் புரொசீஜரின் பெயரைத்தான் அது காட்டும். உள்ளே அது கூப்பிடும் மற்றவற்றின் நேரமும் அதன் தலையில்தான் விழும். என்னுடையதற்கு உள்ளே ஓடுவது எங்கள் சீனியர் அஜிதா மேடம் எழுதியது. குற்றம் அங்கேதான் என்று நம்பி, உள் அழைப்புகளையும் எண்ணும்படி செட்டிங்கைச் சண்டை போட்டு மாற்ற வைத்தேன்.

நேற்று எல்லோர் முன்னாலும் புதுக் கணக்கு திரையில் வந்தது. மேடத்தின் புரொசீஜர் கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடுகிறது. என்னுடையதுதான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவையாக, நான்கு லட்சம் தடவை அதைக் கூப்பிட்டிருக்கிறது.

"விளிச்சது நீதானே மோளே," கூப்பிட்டது நீதானே மகளே என்றார் மேடம். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மாதக் கடைசியோடு என் வேலைக் கான்ட்ராக்ட் முடிகிறது. நீட்டிக்க மாட்டார்கள். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

இதைக் கொண்டுவரும் தங்கபாண்டி அண்ணனிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் என் பழைய போர்வையும் கொடுத்து விடுங்கள். அண்ணன் கிளம்பி நிற்கிறார்.

போனில் "சாப்ட்டியாம்மா" என்று ஒரு தடவை கேட்டதும் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இனிமேல் இரண்டாவது தடவையும் கேளுங்கள், அப்பா. முதல் தடவை நான் ஆமாம் என்றுதான் சொல்வேன்.

பொன்செல்வி