லெப்ட் அவுட்டில் றவூப்

நேற்று என் மனைவியின் மருந்துச் சீட்டோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். ஓர் அம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நின்று கதவைத் திறந்தது. டீசலும் பினாயிலும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. உன் காக்கிச் சட்டையின் மணம். உடனே திரும்பி, யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று தேடினேன். நீ கண்மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது, சண்டை ஓய்ந்தும் பல வருடம். ஆனாலும் அந்த மணத்துக்கு என் உடம்பு இப்படித்தான் பழகியிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் நம் கல்லூரிக்காக உதைபந்து விளையாடினோம். நீ காரைதீவான், சென்டர் ஹாப், எங்கள் கப்டன். நான் சாய்ந்தமருதுக்காரன், ரைட் பெக். பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் முஸ்லிம்கள். படிப்பு முடிந்ததும் வயலுக்கும் கொழும்புக்குமாகச் சிதறினோம். நீ அம்புலன்ஸ் சாரதியானாய். நான் பஸாரில் பேட்டரி சார்ஜ் போடும் கடை திறந்தேன்.

பிறகு சண்டை வந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் முகம் பார்க்காமல் போகத் தொடங்கினார்கள். திருக்கோவிலிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் மறிக்கப்பட்டு மறிக்கப்பட்டாவது ஓடியது உன் வண்டிதான். நோயாளிகளோடு சேர்த்து எங்கள் டீம்காரர்களின் சேதிகளையும் அதில் கொண்டு திரிந்தாய்.

நீ யாருடைய பெயரையும் சொல்லமாட்டாய். முஸ்லிம் தெருவில் தமிழ்ப் பெயரையோ, தமிழ்ச் சந்தியில் முஸ்லிம் பெயரையோ சொன்னால் ஏதாவதொரு காது நிமிரும் காலம். அதனால் என் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி, அவரவர் விளையாடிய இடத்தைச் சொல்லி, "ரைட் இன்னுக்கு மகள் பிறந்திருக்கு. கோல் கீப்பருக்கு நெருப்புக் காய்ச்சல்" என்பாய்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "இந்த மனிசன் கதைக்கிற ஒண்டும் விளங்குதில்ல. உங்கள எதிலயோ மாட்டப்போறாரு" என்றாள். அது பந்துக் கதை என்று நான் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை. ஏனென்றால் நம் லெப்ட் அவுட், பாண்டிருப்புத் தவம், இயக்கத்துக்குப் போயிருந்தான். ஊருக்கே தெரியும். ஒருநாள் நீ, "லெப்ட் அவுட்டுக்குக் காலில காயம், இப்ப பரவாயில்ல" என்றபோது நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மச்சான், உண்மையச் செல்லு. அவன உன்ட வண்டியிலயா ஏத்தின?"

"என்ட வண்டியில ஏறுறவன் நோயாளி. அதுக்கு மேல என்னட்டக் கேளாத."

நீ இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஒரு காலையில் உன்னை வீதியில் மறித்து இராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மதியத்துக்குள் என் கடை வாசலிலும் ஜீப் வந்து நின்றது. நம்மை வேறு வேறு அறைகளில் வைத்தார்கள். என்னிடம் வந்த அதிகாரிக்கு அரைகுறைத் தமிழ் தெரிந்திருந்தது.

"லெப்ட் அவுட் யாரு? ரைட் இன் யாரு? என்ன ரகசியப் பாஷை இது?"

"பந்து விளையாட்டு சேர். கல்லூரி டீம்."

"அப்ப பதினொரு பேர் சொல்லு. அவனும் சொல்லுறான். ரெண்டும் ஒண்ணு இல்ல எண்டா, ரெண்டு பேரும் வீட்டுக்கு இல்ல."

கோல் கீப்பர் பாறூக்கிலிருந்து தொடங்கினேன். இடது பக்கம் வந்ததும் நிறுத்தினேன். தவம் என்றால் அவன் தாயின் வீடும் உன் வண்டியும் நாசம். வேறு பெயர் சொல்லி, நீ தவம் என்று சொல்லியிருந்தால் நாம் இருவரும் நாசம். நீ ஏற்கெனவே அவனை விற்றுவிட்டாயா? இல்லை, என்னை விற்றாயா? அடுத்த அறையில் உன் குரல் கேட்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது அக்கரைப்பற்று மெட்ச் நினைவுக்கு வந்தது. தவத்துக்குக் காய்ச்சல் என்று, மேலதிக ஆளாய் வந்த பாலமுனை றவூபை அன்று இறக்கினாய். அவன் விளையாடிய ஒரே மெட்ச். பிறகு சூறாவளியில் சுவர் விழுந்து செத்துப்போனான். இனி அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

"லெப்ட் அவுட், றவூப்."

"எங்க இருக்கான்?"

"மவுத்தாகிட்டான் சேர்."

அவர் என்னையே பார்த்தார். எழுந்து அடுத்த அறைக்குப் போனார். திரும்பி வந்து, "போ" என்றார்.

வெளியே வந்தபோதுதான் உன்னை எனக்கு முன்பே விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. அது என் மனதில் முள்ளாய்க் கிடந்தது. ஏன் உன்னை முதலில்? எதைக் கொடுத்துவிட்டுப் போனாய்? வாரக்கணக்காய் நீ கடைப்பக்கம் வரவில்லை. உன் வண்டி வேகம் குறைக்காமல் என்னைக் கடந்துபோகும். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் வந்து வாசலில் நின்றாய். உள்ளே வரவில்லை.

"லெப்ட் அவுட்டுக்கு நீ ஆர்ர பேரைச் சொன்ன?"

"நீ முதல்ல செல்லு."

"இல்ல, நீ சொல்லு."

உன் கண்ணைப் பார்த்தேன். என்னிடம் இருந்த அதே சந்தேகம் அங்கேயும் இருந்தது. கடைசியில் நீதான் வாய் திறந்தாய்: "பாலமுனையான்."

நானும் பாலமுனையானைத்தான் சொன்னேன் என்றேன். நீ உள்ளே வந்து வாங்கில் உட்கார்ந்தாய். சிரிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. "நீ தவத்தைச் சொல்லித்தான் தப்பின எண்டு நினைச்சன்" என்றாய். நானும் அதையே நினைத்தேன் என்றேன். பிறகு, "அவங்கள் பாலமுனைக்குப் போய் விசாரிச்சா?" என்று கேட்டாய்.

அன்றே போனோம். அம்புலன்ஸைக் கண்டதும் றவூபின் உம்மா கதவைப் பாதி மூடிக்கொண்டார். "இஞ்ச ஒருத்தருக்கும் வருத்தமில்ல. யாரு அனுப்பின?" என்றார். நம் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். நீ பாயில் உட்கார்ந்து எதையும் மறைக்காமல் சொன்னாய்.

"அவன் ஒருக்காத்தானே விளையாடின" என்றார்.

"ஓம் உம்மா."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "யாரு வந்து கேட்டாலும், எப்பவும் அந்த இடத்தில என்ட மகன்தான் விளையாடின எண்டு செல்றன். பொய்க்கு அல்லாஹ் என்னட்டக் கேக்கட்டும்."

நாம் எழும்பியபோது, "மத்தப் புள்ளயள் சுகமா?" என்று கேட்டார். நீ மறுபடி உட்கார்ந்தாய். ஒவ்வொருவராகச் சொன்னாய், பெயரோடு. பாறூக், மகேந்திரன், ஜவ்பர் என்று. அந்த வருடங்களில் உன் வாயிலிருந்து அந்தப் பெயர்களை நான் கேட்டது அன்றுதான். தவத்தின் இடம் வந்ததும் ஒருதரம் என்னைப் பார்த்தாய். "தவமும் சுகம் உம்மா" என்றாய்.

யாரும் வந்து அவரிடம் விசாரிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு பாலமுனையைக் கடக்கும்போதெல்லாம் நீ அந்த வீட்டில் வண்டியை நிறுத்தினாய், உம்மா மவுத்தாகும் வரைக்கும்.

தவம் பிறகு வெளிநாடு போனான். அவனை உன் வண்டியில் ஏற்றினாயா என்று கிழவனான பிறகும் உன்னிடம் கேட்டேன். "இன்னுமாடா?" என்று சிரித்தாய். ஏற்றினாய் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை. போன கிழமை முன்பின் தெரியாத ஒருவர் கடைக்கு வந்து பாறூக்கின் வீடு எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் தெரு முனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, இப்போது கொழும்பில் இருக்கும் பாறூக்குக்குப் போன் எடுத்தேன். "உன்ன ஒருத்தர் தேடுறாரு. ஆரெண்டு தெரியா. கவனமா இரி" என்றேன். எடுத்ததுதான் எடுத்தேன் என்று அவனுடைய சீனி வருத்தத்தை விசாரித்தேன். அவன் என் மனைவியின் முழங்காலை விசாரித்தான். பல மாதமாய் நாங்கள் கதைத்திருக்கவில்லை.

"மத்தவனுகளுக்கும் செல்லி வை மச்சான்" என்றான்.

ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சுகமும் விசாரித்தபடி.